தலைக்கு மேல் இருந்த மரவீடு

மரவீடு என்றதும் நம் மனத்தில் எழுவது பனி சூழ்ந்த வடநாடுகளின் காட்சி. பைன் மரங்களின் பட்டையை உரித்து, முனைகளில் வெட்டுவாய் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய ஸ்காண்டிநேவிய, ரஷ்ய வீடுகள். 1638இல் டெலவேர் ஆற்றங்கரையில் குடியேறிய சுவீடன் நாட்டவர் அம்முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். 1830களில் சிகாகோவில், ஆலையில் அறுத்த மெல்லிய சட்டங்களையும் ஆணிகளையும் கொண்டு விரைந்து எழுப்பும் சட்டக வீடு பரவிற்று.

இதற்கும் பெரம்பூருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும்.

சென்ற கோடையில், பெரம்பூரில் இடிபட்டுக்கொண்டிருந்த பழைய வீடொன்றைக் காணச் சென்றோம். தெருவிலிருந்து பார்த்தால் அது செங்கல் வீடு. மேல்தளம் பெயர்க்கப்பட்ட பின்னரே அதன் பாரத்தைச் சுமந்தது மரம் என்பது கண்ணில் பட்டது. சுவருக்குச் சுவர், ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்கு உத்திரங்கள். 'மெட்ராஸ் டெரஸ்' என்று பொறியாளர்கள் பெயரிட்ட முறை இதுவே.

உத்திரங்களின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டில் நிறுத்தி, அறையின் ஒரு மூலையில் தொடங்கி மூலைவாட்டாக ஒட்டிச் செல்வர். கீழிருந்து பலகை முட்டுக் கொடுப்பதில்லை. முந்தைய கல்லே அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவர். இறுதியாகத் தட்டோடு. கொத்தனாரும் தச்சரும் ஒருவர் கையை ஒருவர் நம்பிச் செய்த வேலை.

மரத்தைச் சுவராக நிறுத்த நம் மழையும் கரையானும் இடங்கொடா. எண்ணெய்ப் பசையுள்ள தேக்கு மட்டுமே ஓரளவு தாக்குப்பிடிக்கும். 1826இல் தெனாசரிமும் 1852இல் கீழ்ப் பர்மாவும் ஆங்கிலேயர் வசமானபின் பர்மாத் தேக்கு இக்கரைக்குப் பெருகி வந்தது. சென்னையில் அப்போது துறைமுகமே இல்லை. அவ்வேலை தொடங்கியது 1870களில்தான். அதுவரை கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடியவை மசூலாப் படகுகள். அவையும், ஆணியே இன்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியவை என்பதை இங்கு நினைவுகூரலாம்.

1856இல் இராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பெரம்பூரில் ரயில்வே பணிமனையும் தோன்றிற்று. அக்காலப் பெட்டிகளின் உடலும் தேக்குச் சட்டகமே. ஒருவகையில் அவையும் சக்கரம் பூட்டிய மரவீடுகள். 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை முழு எஃகுப் பெட்டிகளைச் செய்யலாயிற்று. அதற்கு முன்பே, 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது தேக்கு வரவு நின்றது. வீடுகளில் சிமென்ட் கான்கிரீட் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

நாங்கள் கண்ட வீட்டில் இரண்டு உத்திரங்களுக்குப் பதிலாகப் பழைய தண்டவாளங்கள் கிடந்தன. பழுதுபார்த்த எவரோ பணிமனையை அடுத்து வாழ்ந்தவர்போலும்!

பழைய வீடுகளைப் பற்றி எழுதுவோர் முகப்பையும் தூண்களையும் படம் பிடிப்பர்; அண்ணாந்து பார்ப்பவர் அரிது. மரக்கடைக்காரரோ சரியாக அண்ணாந்து பார்க்கிறார். உத்திரங்கள் கன அடிக் கணக்கில் விலை பேசப்பட்டன; செங்கற்கள் குப்பைக்குச் சென்றன. ஓர் உத்திரத்தின் முனையை மட்டும் அளந்து வரைந்துகொண்டோம். மறுநாள் லாரி வந்துவிட்டது.

இத்தகைய மேல்தளத்தின்கீழ் வாழும் வாசகர் எவரேனும் இருப்பின், உத்திரங்களை எண்ணி, அவற்றின் அகலத்தையும் இடைவெளியையும் எங்களுக்கு எழுதியனுப்ப வேண்டுகிறோம்.