டேயஸ் எக்ஸ் இரண்டாம் பாகம்: ஒரு கேமும் அதன் மேல் விழுந்த பழியும்

அண்ணன் தொண்ணூறு மார்க் வாங்கிய பள்ளிக்கூடத்தில் தம்பி எண்பது வாங்கினால் என்ன ஆகும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்பது நல்ல மார்க்தான். ஆனால் வாத்தியாரும் சரி, வீட்டிலும் சரி, "உங்க அண்ணனைப் பாரு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு தம்பியைப் பற்றியது. அதன் பெயர் "டேயஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார்". 2003 டிசம்பரில் அமெரிக்காவிலும் 2004 மார்ச்சில் ஐரோப்பாவிலும் வெளியான கணினி விளையாட்டு.

எனக்கு இதில் ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என்னிடம் இருப்பது கல்லூரிப் பாடத்துக்காக வாங்கிய சாதாரண லேப்டாப். புது கேம் எதுவும் அதில் ஓடாது. பழையதாய்ப் பார்த்து வாங்கியதில் முதலில் கையில் கிடைத்தது இந்த இரண்டாம் பாகம். முதல் பாகம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஆடி முடித்தேன். பிடித்திருந்தது. பிறகுதான் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். இருபது வருடமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது! நான் ரசித்ததை உலகம் ஏன் வெறுத்தது என்ற கேள்வியில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

அண்ணன் கதை

முதல் டேயஸ் எக்ஸ் 2000 ஜூனில் வந்தது. உருவாக்கியது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் இருந்த அயான் ஸ்டார்ம் நிறுவனம். வெளியிட்டது ஐடோஸ். இயக்கியவர் வாரன் ஸ்பெக்டர், தலைமை வடிவமைப்பாளர் ஹார்வி ஸ்மித். கதை நடப்பது 2052-ல். கொள்ளை நோய், ரகசியச் சங்கங்கள், உடலுக்குள் நுண்ணிய இயந்திரம் வைத்த மனிதர்கள், வறுமையில் கிடக்கும் நகரங்கள் என்று போகும். தொழில்நுட்பம் உச்சத்தில், மனித வாழ்க்கை பாதாளத்தில் என்று காட்டும் இந்தக் கதைவகையைத்தான் சைபர்பங்க் என்கிறார்கள்.

சுட்டுக்கொண்டே போகிற கேம்கள் அப்போது நிறைய இருந்தன. இது வேறு. ஒரு கட்டடத்துக்குள் போக வேண்டுமா? காவலாளியைச் சுடலாம், இருட்டில் பதுங்கிப் போகலாம், பூட்டைத் திறக்கலாம், கணினியை ஊடுருவலாம், ஆளிடம் பேசிச் சமாளிக்கலாம். நீச்சல், மருத்துவம், பூட்டுத் திறத்தல் என 11 திறமைகள் உண்டு. எதை வளர்க்கிறோமோ அதற்கேற்ற ஆளாக நாம் மாறுவோம். காலில் அடிபட்டால் நடக்க முடியாது, தவழ வேண்டும். கடைசியில் மூன்று முடிவுகள். ஒவ்வொருவரும் தன் வழியில் ஆடி முடித்து, நண்பனிடம் கேட்டால் அவன் வேறு கதை சொல்வான்.

தம்பி வந்தான்

இரண்டாம் பாகத்தின் கதை 2072-ல் நடக்கிறது. முதல் காட்சியிலேயே சிகாகோ நகரம் அழிகிறது. டார்சஸ் என்ற பயிற்சிக் கூடத்து மாணவர் அலெக்ஸ் டி சியாட்டிலுக்கு மாற்றப்படுகிறார். ஆணா பெண்ணா என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். பிறகு கெய்ரோ, ஜெர்மனியின் ட்ரியர், அண்டார்டிகா என்று கதை நீள்கிறது. உலகத்தை ஒருபக்கம் டபிள்யூ.டி.ஓ என்ற வணிக அமைப்பும், இன்னொரு பக்கம் ஆர்டர் என்ற மத அமைப்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டும் நம்மை வேலைக்குக் கூப்பிடும்.

விமர்சகர்கள் மோசமாகச் சொல்லவில்லை. மெட்டாக்ரிட்டிக் தொகுப்பில் முதல் பாகத்துக்கு 90, இரண்டாம் பாகத்தின் கணினிப் பதிப்புக்கு 80, எக்ஸ்பாக்ஸ் பதிப்புக்கு 84. கோபப்பட்டவர்கள் ஆட்டக்காரர்கள்தான். முழு கேம் வருவதற்கு முன்பு வெளியிட்ட மாதிரிப் பகுதியிலேயே புகார் ஆரம்பித்துவிட்டது. அவர்கள் சொன்னவற்றை நான்காகத் தொகுக்கலாம்.

ஒன்று, தோட்டா. கைத்துப்பாக்கி முதல் ராக்கெட் லாஞ்சர் வரை எல்லாவற்றுக்கும் ஒரே வகைத் தோட்டா. தீர்ந்தால் கையில் உள்ள எல்லா ஆயுதமும் ஒரே நேரத்தில் இரும்புத் துண்டு ஆகிவிடும். நாலு பர்னர் அடுப்பு வாங்கினாலும் சிலிண்டர் ஒன்றுதானே, அந்தக் கதை.

இரண்டு, திறமைகள். முதல் பாகத்தின் 11 திறமைகளையும் எடுத்துவிட்டார்கள். உடலில் பொருத்தும் பயோமாட் மட்டும் மிஞ்சியது. கை, கால், தலை என்று தனித்தனியாக இருந்த உடல்நிலையும் ஒரே கோடாகச் சுருங்கியது.

மூன்று, இடம். முதல் பாகத்தில் லிபர்ட்டி தீவு முழுவதும் ஒரே பரப்பு. இங்கே சியாட்டில் என்று பெயர், ஆனால் நான்கு எட்டு வைத்தால் "லோடிங்". எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாகூர் பக்கம் பஸ்ஸில் போனால் புதுவை, தமிழ்நாடு, மறுபடி புதுவை என்று எல்லை மாறிக்கொண்டே வரும். ஒவ்வொரு எல்லையிலும் பஸ்ஸை நிறுத்தி இன்ஜினை அணைத்துத் திரும்பக் கிளப்பினால் எப்படி இருக்கும்? கணினிப் பதிப்பு உண்மையிலேயே அதைத்தான் செய்தது. இடம் மாறும்போதெல்லாம் நிரல் தன்னை மூடிக்கொண்டு மறுபடி திறந்தது.

நான்கு, கணினி. நிழலும் வெளிச்சமும் உடனுக்குடன் மாறும் புதிய முறைக்காக பிக்சல் ஷேடர் வசதி கொண்ட கிராபிக்ஸ் அட்டையைக் கட்டாயம் ஆக்கினார்கள். அப்போது விலை மலிவாகப் பலர் வாங்கியிருந்த ஜிஃபோர்ஸ் 4 எம்.எக்ஸ் அட்டையில் அந்த வசதி இல்லை. காசு கொடுத்து வாங்கியும் பலரால் ஆடவே முடியவில்லை. ஆட முடிந்தவர்களுக்கும் வேகம் கிடைக்கவில்லை.

ஏன் இப்படி ஆனது?

ரசிகர்கள் ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதினார்கள்: எக்ஸ்பாக்ஸ். முதல் பாகம் கணினிக்காகச் செய்யப்பட்டது. பிளேஸ்டேஷன் 2-க்கு 2002-ல்தான் போனது. இரண்டாம் பாகம் கணினிக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் ஒரே நேரத்தில் தயாரானது. எக்ஸ்பாக்ஸின் மொத்த நினைவகம் 64 எம்.பி. அதற்குள் அடங்க இடத்தைத் துண்டு போட வேண்டியிருந்தது. இதில் உண்மை இருக்கிறது.

ஆனால் முழு உண்மை அது அல்ல என்பது என் கருத்து. ஒரே வகைத் தோட்டாவுக்கும் நினைவகத்துக்கும் என்ன சம்பந்தம்? அது வடிவமைப்பாளர்கள் யோசித்து எடுத்த முடிவு. சிக்கலைக் குறைத்தால் புது ஆட்டக்காரர்கள் வருவார்கள் என்று நினைத்தார்கள். இரண்டாம் பாகத்தை இயக்கிய ஹார்வி ஸ்மித்தே பின்னாளில் மனம் திறந்து ஒப்புக்கொண்டார். காட்சி வரையும் நிரலும் எதிரிகளின் செயற்கை அறிவும் தவறான வழியில் எழுதப்பட்டன, குழுவுக்குள் ஒத்துப்போகவில்லை, சீக்கிரமாக வெளியிட்டுவிட்டோம் என்று சொன்னார். தோற்றவர் காரணத்தை வெளியில் தேடாமல் தன் மேல் போட்டுக்கொள்வது அபூர்வம். அந்த நேர்மையை நாம் மதிக்க வேண்டும்.

தேர்வு என்றால் என்ன?

மேலே சொன்ன நான்கும் தொழில்நுட்பக் குறைகள். முதல் பாகத்தையும் ஆடிய பிறகு எனக்குப் புரிந்த ஐந்தாவது குறை ஒன்று உண்டு. அதுதான் ஆழமானது என்று நினைக்கிறேன்.

முதல் பாகத்தின் கடைசியில் மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஹீலியோஸ் என்ற செயற்கை அறிவோடு கலப்பது, உலகத் தொடர்பு வலையை அழித்து இருண்ட காலத்தை வரவழைப்பது, அல்லது இல்லுமினாட்டியிடம் ஆட்சியை ஒப்படைப்பது. இரண்டாம் பாகத்துக்குக் கதை எழுத வந்தவர்கள் மூன்றுமே நடந்ததாக எழுதிவிட்டார்கள். இரவு கண் விழித்து, யோசித்து, ஒரு பொத்தானை அழுத்தியவனிடம் "நீ எதை அழுத்தினாலும் ஒன்றுதான்" என்று சொன்னது போல ஆயிற்று. புதுக் கதைக்குள்ளும் அதே சிக்கல். டபிள்யூ.டி.ஓவுக்கு வேலை செய்து ஆர்டரைக் கோபப்படுத்தினாலும், சற்று நேரத்தில் ஆர்டர் மறுபடி வேலை கொடுக்கும். கடைசிக் கட்டம் வரை யார் பக்கமும் சாயலாம்.

எங்கள் மண்ணில் தேர்வுக்கு வேறு எடை உண்டு. வில்லியனூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிர்த்து 8 பேர். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சிலர் எழுதிக் கொடுத்தார்கள், பெரும்பாலானவர்கள் கொடுக்கவில்லை. ஒரு தாள்தான். ஆனால் அந்தத் தாள் இன்றைக்கும் பேரப்பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் தெரிகிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் "சொல்தா" வீடு எது, மற்ற வீடு எது என்று புதுவையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திரும்பப் போய் மாற்ற முடியாது என்பதால்தான் அது தேர்வு. முதல் பாகத்தை ஆடியவர்களுக்கு இருந்த கோபமும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தோட்டாவைப் பற்றிப் பேசினார்கள், ஆனால் வலித்தது வேறு இடத்தில்.

தம்பிக்கும் பெருமை உண்டு

இருந்தாலும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. கேமில் இரண்டு காபிக்கடை நிறுவனங்கள் வரும். ஒன்று மேல்தட்டு மக்களுக்கு, இன்னொன்று சாதாரண மக்களுக்கு. இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். விசாரித்துக்கொண்டே போனால் இரண்டுக்கும் முதலாளி ஒரே ஆள்! பிறகுதான் புரிகிறது, டபிள்யூ.டி.ஓவும் ஆர்டரும்கூட அப்படித்தான், இரண்டையும் பின்னால் இருந்து இயக்குவது இல்லுமினாட்டி. நம் முன்னால் வைக்கப்படும் தேர்வே போலியாக இருக்கலாம் என்பதை ஒரு காபிக் கடையை வைத்துச் சொன்னது சாதாரண விஷயம் இல்லை.

என்.ஜி. ரெசனன்ஸ் என்ற பாடகியும் அப்படித்தான். நகரமெங்கும் அவளுடைய செயற்கை அறிவு உருவம் ரசிகர்களோடு அன்பாகப் பேசும், பேசி வாங்கிய தகவலை மேலிடத்துக்கு அனுப்பும். 2003-ல் இது வேடிக்கையான கற்பனை. இப்போது ஆடுகிறவனுக்குச் சிரிப்பு வராது. அண்மை வருடங்களில் சிலர் இந்த கேமை மறுபடி எடுத்துப் பார்த்து நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்திருப்பதற்கு இவைதான் காரணம்.

பிறகு நடந்தது

ஸ்பெக்டரும் ஸ்மித்தும் 2004-ல் விலகினார்கள். அயான் ஸ்டார்ம் 2005 பிப்ரவரியில் மூடப்பட்டது. ஐடோஸ் மான்ட்ரியல் செய்த "ஹியூமன் ரெவல்யூஷன்" 2011 ஆகஸ்டில் வந்தது. அது முன்னோக்கிப் போகாமல் 2027-க்குப் பின்னோக்கிப் போனது. பழைய முடிவுகளைத் தொட்டால் சுடும் என்று தெரிந்துகொண்டார்கள் போலும். அதையும் ரசிகர்கள் சும்மா விடவில்லை. பதுங்கி ஆடுபவனையும் கட்டாயமாகச் சண்டை போட வைத்த முக்கிய எதிரிகளின் காட்சிகளைக் குறை சொன்னார்கள். 2013-ல் வந்த திருத்திய பதிப்பில் அவை மாற்றப்பட்டன. 2016-ல் வந்த "மேன்கைண்ட் டிவைடட்" பாதியில் முடிந்தது போல இருக்கிறது என்று புகார். அதற்குப் பின் தயாராகிக்கொண்டிருந்த அடுத்த பாகம் 2024 ஜனவரியில் கைவிடப்பட்டது. 97 பேர் வேலை இழந்தார்கள்.

முடிவாக ஒன்று. ஆட்டக்காரர்கள் 2003-ல் சொன்ன குறைகள் எல்லாம் உண்மைதான். முதல் பாகத்தையும் ஆடிய பிறகு அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அண்ணன் பெரியவன்தான். ஆனால் அண்ணனைத் தெரியாமல் தம்பியோடு பழகிய எனக்கு அவன் கெட்டவனாகத் தெரியவில்லை. அந்த முதல் நாள் அபிப்பிராயமும் பொய் இல்லை. தம்பிக்குக் கிடைத்த எண்பது மார்க்கை அண்ணன் தாளின் பக்கத்தில் வைக்காமல் ஒருமுறையாவது தனியாகத் திருத்திப் பாருங்கள். பழைய லேப்டாப் போதும்.