உயிரோடு இருப்பவருக்கு இரங்கல்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம் பழமொழி. ஊர் வாயிலே பிறக்கும் வதந்திகளுள் மிகக் கொடியது, உயிரோடு வாழ்பவரை இறந்துவிட்டார் என்று கூறுவது. இசையால் புகழ் பெற்றோரை இவ்வதந்தி அடிக்கடி பற்றிக்கொள்கிறது. காரணம் உண்டு. அவர்களுடைய குரல் நாள்தோறும் நம் வீட்டில் ஒலிக்கிறது. ஆனால் அவர்கள் எங்கே, எவ்வாறு இருக்கிறார்கள் என்பதை நாம் அறியோம். இந்த இடைவெளியிலேதான் வதந்தி குடிபுகுகிறது. பல்லாண்டுகள் சரித்திரம் கற்பித்தவன் என்ற முறையில், சான்றுகளை ஆராயும் பயிற்சியாகவே இப்பொருளை உங்கள் முன் வைக்கிறேன்.

பின்னணிப் பாடகி எஸ். ஜானகி அம்மையாரின் குரலைக் கேளாத தமிழர் இலர். 1957-இல் திரையுலகில் பாடத் தொடங்கியவர். 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தோடு இழைந்து பாடிப் பெரும்புகழ் எய்தியவர். தேசிய விருதை நான்கு முறை பெற்றவர். அவர் காலமானார் என்றொரு செய்தி 2020-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் கைப்பேசிகளில் பரவிற்று. ஊரடங்குக் காலம் அது. புத்தூரில் வீட்டிலிருந்த எனக்கும் அச்செய்தி பலரிடமிருந்து வந்தது. அனுப்பிய ஒவ்வொருவரும் வேறொருவரிடமிருந்து அதைப் பெற்றவரே. அம்மையாரின் வீட்டாரிடம் கேட்டவர் ஒருவரும் இலர். பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் ஓர் எளிய செயலைச் செய்தார். அம்மையாரிடமே பேசினார், அவர் நலமாக இருக்கிறார் என்று காணொளி வாயிலாக அறிவித்தார், பொய் பரப்பியோரைக் கடிந்துகொண்டார். எண்ணற்றோர் கைமாற்றிய செய்தி ஓர் உரையாடலில் பொய்யாய்ப் போயிற்று.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று. இங்கிலாந்தின் ‘பீட்டில்ஸ்’ இசைக்குழு உலகப் புகழ் பெற்றது. அக்குழுவினருள் ஒருவரான பால் மெக்கார்ட்னி 1966-இலேயே மோட்டார் விபத்தில் மாண்டார் என்றும், அவரைப் போன்ற வேறொருவர் அவரிடத்தில் நடிக்கிறார் என்றும் 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு வதந்தி மூண்டது. அவ்வாண்டு அக்டோபரில் டெட்ராய்ட் நகர வானொலி நிலையம் ஒன்று அதனைப் பேசிற்று. மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் இதழ் அதற்கு மேலும் வண்ணம் தீட்டிற்று.

நம்பியோர் காட்டிய ‘சான்றுகள்’ வேடிக்கையானவை. ‘ஆபி ரோடு’ என்னும் இசைத்தட்டின் உறையில் நால்வரும் சாலையைக் கடந்து செல்கின்றனர். பால் மட்டும் வெறுங்காலுடன் நடக்கிறார். ஆகவே அவர் பிணம் என்றனர். வெள்ளுடை அணிந்தவர் குருவாம். முரட்டுத் துணி அணிந்தவர் குழி வெட்டுபவராம். பின்னால் நிற்கும் மோட்டார் வண்டியின் எண் பலகையில் 28 என்று இருப்பதைக் காட்டி, ‘உயிரோடிருந்தால் அவருக்கு வயது 28’ என்றனர். பால் பிறந்தது 1942-ஆம் ஆண்டு ஜூன் 18. இசைத்தட்டு வெளிவந்தது 1969 செப்டம்பர். கழித்துப் பாருங்கள், அவருக்கு அப்போது வயது 27 தான்! அவ்வாண்டு நவம்பரில் ‘லைஃப்’ இதழினர் ஸ்காட்லாந்துப் பண்ணையில் அவரைக் கண்டு பேசி, படத்தோடு வெளியிட்டனர். குறிப்புகள் பலவற்றைத் தாமே புனைந்ததாக அம்மாணவர் இதழில் எழுதியவரும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இங்கே நிகழ்ந்த தவறு யாது? சரித்திர ஆசிரியன் சான்றுகளைத் திரட்டிய பின்னரே முடிவுக்கு வருகிறான். வதந்தியை நம்புவோனோ முடிவை முதலிற் கொண்டு, சான்றுகளைப் பின்னர்த் தேடுகிறான். தேடுவோன் கண்ணுக்கு வெறுங்காலும் சான்றாகிவிடுகிறது.

படியாதவரே இவ்வாறு ஏமாறுவர் என்று எண்ணிவிடாதீர்கள். இசைவாணர் அல்லாத ஒரு பெரியாரின் கதையையும் இங்கே கூறவேண்டும். 1979 மார்ச் 22 அன்று, பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்த ஜெயப்பிரகாஷ் நாராயணன் காலமானார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் அறிவித்தார். அவை இரங்கல் தெரிவித்தது. அகில இந்திய வானொலியும் அச்செய்தியை ஒலிபரப்பிற்று. ஆனால் ஜெயப்பிரகாஷ் உயிரோடுதான் இருந்தார். அவர் மறைந்தது அவ்வாண்டு அக்டோபர் 8 அன்று. பிரதமர் கூறினார், நாடாளுமன்றம் கேட்டது, வானொலி ஒலித்தது என்று மூன்று சான்றுகள் இருப்பதுபோல் தோன்றுகிறது. மூன்றும் ஒரே தவறான தகவலின் எதிரொலிகளே. சொல்வோர் தொகை வேறு. கண்டோர் தொகை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே சரித்திர அறிவின் முதற்படி. வானொலியின் வாயிலாகப் பேசும் நான் வானொலியின் இப்பிழையை மறைத்துப் பேசுவது முறையன்று.

இவ்வதந்திகளால் யாருக்கு என்ன கேடு என்று சிலர் வினவலாம். முதுமையில் ஓய்ந்திருக்கும் ஒருவர் தம் சாவுச் செய்தியைத் தாமே கேட்பது கேடு அன்றோ? அவர் வீட்டார் ஒவ்வோர் அழைப்புக்கும் ‘இருக்கிறார், இருக்கிறார்’ என்று விடை கூறித் தவிப்பது கேடு அன்றோ? மற்றொன்றும் உண்டு. அதே 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று பாலசுப்பிரமணியமே மறைந்தார். அச்செய்தி மெய். அவருடைய மகனும் மருத்துவமனையும் அறிவித்த பின்னரும், இதுவும் பொய்யாக இருக்கலாகாதா என்று ஏங்கியோர் பலர். பொய் மலிந்த ஊரில் மெய்யும் வாயிலில் நின்று தன்னை நிறுவவேண்டியதாகிறது.

ஆகவே, மாணவர்களே, இத்தகைய செய்தி உங்கள் கைக்கு வரும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். முதலிற் சொன்னவர் யார்? அவர் நேரில் அறிந்தவரா? அவரைச் சாராத வேறொருவர் அதனை உறுதி செய்தாரா? மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை அச்செய்தி உங்களோடு நிற்கட்டும். அடுத்தவருக்குச் செல்ல வேண்டா. மெய்யான துயரச் செய்தி ஒரு நாழிகை தாமதமாக வந்தால் எவருக்கும் இழப்பில்லை.