ஏரி வாரியமும் நம் வீட்டு உறிஞ்சுகுழியும்



ஐப்பசி பிறந்ததும் சென்னையில் இருக்கும் நீங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும் படங்களை அனுப்புகிறீர்கள். "இவ்வளவு வடிகால் கட்டியும் ஏன் சார் இப்படி?" என்று ஒருவன் கேட்டிருந்தான். பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலை முறைக்காகப் படித்தோம். முதலாம் பராந்தகன் காலத்தது, ஏறக்குறைய கி.பி. 920. குடவோலையில் தேர்வானவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள்? அதில் ஒன்று ஏரி வாரியம். பெய்த மழையை எங்கே நிறுத்துவது, மிஞ்சியதை எந்த வழியே விடுவது என்பது அன்று ஊர்ச்சபையின் பொறுப்பு. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 'ஏரி மாவட்டம்' என்றே பெயர்.

சென்னை வளர்ந்தபோது இந்தச் சங்கிலி அறுந்தது. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை.

இப்போது ஒரு கணக்கு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். 10 செ.மீ. மழை பெய்தால் அதில் விழுவது 22,300 லிட்டர். மண் தரை அதில் ஒரு பங்கைக் குடிக்கும். மொட்டை மாடியும் டைல்ஸும் அநேகமாக எல்லாவற்றையும் தெருவுக்குத் தள்ளும். அப்படி 100 வீடுகள் என்றால் 22 லட்சம் லிட்டர்!

இதற்காகத்தான் 2003இல் பழைய கட்டடம், புதுக் கட்டடம் எல்லாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகளிலும் அது தொடர்கிறது. ஆனால் விதி சொல்வது ஒன்று, மண் கேட்பது ஒன்று. பெசன்ட் நகர் மணலுக்குப் போதுமான குழி களிமண் பகுதிக்குப் போதாது. அங்கே களிமண்ணைத் தாண்டி ஆழமாகப் போக வேண்டும். பெயருக்கு ஒரு குழாயைச் செருகிவிட்டுச் சான்றிதழ் வாங்கினால் யாருக்கு லாபம்?

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அதை எந்தக் குழியும் தாங்காது, உண்மைதான். ஆனால் ஐந்தாறு சென்டிமீட்டருக்கே தெரு குளமாகிறதே, அதை நாம் குறைக்கலாம்.

உங்களில் பொறியாளர்கள் உண்டு, மனை போட்டு விற்பவர்கள் உண்டு, கடன் வாங்கி வீடு கட்டுபவர்களும் உண்டு. மனை வாங்கும் முன் பழைய புலப்படத்தில் வாய்க்கால் ஓடுகிறதா என்று பாருங்கள். வீட்டைச் சுற்றிக் கொஞ்சமாவது மண் விடுங்கள். தரையை மூன்றடி உயர்த்தி, நம் தண்ணீரைப் பக்கத்து ஓட்டு வீட்டுக்குள் அனுப்புவது நியாயமில்லை. அந்த வீட்டிலும் ஒரு பிள்ளை புத்தகப் பையை எங்கே வைப்பது என்று தவிக்கும்.

புரட்டாசி முடிவதற்குள் உங்கள் வீட்டு உறிஞ்சுகுழியைத் திறந்து, வண்டலை வாரிவிட்டு எனக்கு எழுதுங்கள். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்