பெர் லாஷேஸ் இடுகாடு

பிரான்ஸ் தேசத்தின் தலைநகரான பாரிஸின் கிழக்குப் பகுதியில், ஒரு குன்றின் சரிவில் ஏறத்தாழ 44 ஹெக்டேர் விஸ்தீரணத்தில் பரந்து கிடக்கும் இடுகாடு இது. 1804ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இன்றும் இங்கே அடக்கம் நடைபெற்று வருகிறது. மாண்டோரைப் புதைப்பதற்கென ஏற்பட்ட ஓரிடம், உயிரோடிருப்போர் தேச தேசாந்தரங்களிலிருந்து தேடி வந்து பார்த்துச் செல்லும் யாத்திரை ஸ்தலமாக மாறிய வரலாற்றுக்கு ஐரோப்பாவில் இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் பாரிஸ்வாசிகள் நகரத்தின் நடுவிலேயே, மாதா கோயில்களை ஒட்டிய நிலங்களில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அவற்றுள் பழமையும் நெருக்கமும் மிகுந்த ‘மாசற்ற குழந்தைகள்’ இடுகாட்டில், பெருங்குழிகளில் பிணத்தின்மேல் பிணமாக அடுக்கிப் புதைத்து வந்த பாரம் தாங்காமல், 1780இல் பக்கத்து வீட்டின் நிலவறைச் சுவர் இடிந்து விழவே, அரசாங்கம் அதை மூடியது. 1786 முதல் அங்கிருந்த எலும்புகள் நகரத்துக்கு அடியிலுள்ள பழைய கற்சுரங்கங்களுக்கு மாற்றப்பட்டன. 1804இல் நெப்போலியனின் அரசாங்கம் பிறப்பித்த சட்டம், ஊருக்கு வெளியே, ஒவ்வொரு சடலத்துக்கும் தனிக்குழி என்று விதித்ததோடு, குடும்பங்கள் கல்லறைக்கான நிலத்தை உரிமையாகப் பெறவும் இடங்கொடுத்தது. பதினான்காம் லூயி மன்னனின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும் குருவாயிருந்த லாஷேஸ் பாதிரியார் வாசம் செய்த, யேசு சபையாரின் பழைய தோட்டத்தை, அவ்வாண்டு பாரிஸின் ஆட்சியதிகாரி நிக்கோலா ஃப்ரோஷோ நகரத்துக்காக விலைக்கு வாங்கினார். வளைந்து செல்லும் பாதைகளும் நிழல் மரங்களும் அமைய அதை ஓர் உத்தியானம்போல் வகுத்தவர், பாரிஸ் பங்குச் சந்தை மாளிகையைக் கட்டிய சிற்பி ப்ரோங்நியார். தாம் வகுத்த மண்ணிலேயே 1813இல் அவரும் அடங்கினார்.

ஆயினும் ஜனங்கள் முதலில் இதை விரும்பவில்லை. ஊருக்கு வெகு தொலைவு என்பதும், தத்தம் கோயிலுக்கருகே முன்னோரோடு உறங்க வேண்டும் என்ற பற்றும் அவர்களைத் தடுத்தன. இதற்கு நகர நிர்வாகத்தினர் கண்ட பரிகாரம், வியாபாரிகளுக்கே உரிய சாமர்த்தியம் கொண்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் அமர காதலர்களான அபெலார், எலோயிஸ் ஆகியோரின் அஸ்திகளையும், நாடகாசிரியர் மோலியேர், நீதிக்கதைக் கவி லா ஃபோந்தேன் ஆகியோருடையவை எனக் கருதப்பட்ட எலும்புகளையும் 1817இல் இங்கே கொணர்ந்து சேர்த்தார்கள். அவை மெய்யாகவே அவர்களுடையவைதாமா என்று அறிஞர் ஐயுற்றனர், ஜனங்களோ ஐயுறவில்லை. கீர்த்தி பெற்றவர்களின் அண்டையில் இடம் வேண்டும் என்ற ஆசை செல்வர்களைப் பற்றிக்கொள்ள, சொற்பமாயிருந்த கல்லறைகள் 1830க்குள் முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன. பார்வையாளருக்கு வழிகாட்டும் புத்தகங்களும் அக்காலத்திலேயே அச்சாகி விற்றன. ஆகவே, பெரியோர் வந்து அடங்கியதால் யாத்திரிகர் வரலாயினர் என்று சொல்வதைவிட, யாத்திரிகரைக் கவரவே பெரியோரின் எலும்புகள் வரவழைக்கப்பட்டன என்பதே உண்மைக்கு நெருக்கமானது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கருகே 1831இல் தோன்றிய மவுண்ட் ஆபர்னும், லண்டனில் 1833இல் திறந்த கென்சல் கிரீனும் இதையே மாதிரியாகக் கொண்டன.

இசைமேதை ஷோப்பின் 1849இலும் நாவலாசிரியர் பால்ஸாக் 1850இலும் இங்கே அடக்கமாயினர். ஷோப்பினின் இருதயம் மட்டும், அவர் விருப்பப்படி, வார்ஸா நகரத்துக் கோயிலொன்றில் வைக்கப்பட்டது. தம் ‘கோரியோ தந்தை’ நாவலின் கதையை இந்த இடுகாட்டிலேயே முடித்திருந்த பால்ஸாக்கின் கல்லறையருகே இரங்கலுரை நிகழ்த்தியவர் எழுத்தாளர் விக்டர் யூகோ.

கலை யாத்திரிகர் பெரும்பாலும் கவனியாமற் போகும் மூலையொன்று உண்டு. 1871இல், நகரத்தைக் கைப்பற்றியிருந்த புரட்சி அரசாங்கமான பாரிஸ் கம்யூன் வீழ்ந்தபோது, கல்லறைகளுக்கிடையே இறுதிப் போர் நடந்து, மே 28ஆம் நாள் சிறைப்பட்ட கம்யூன் போராளிகள் 147 பேர் கிழக்கு மதிலோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். அந்த மதிலுக்குத் தொழிலாளர் இயக்கத்தார் ஆண்டுதோறும் ஊர்வலமாக வருகின்றனர். சலவைக்கல்லில் செல்வத்தைக் காட்டும் எத்தனையோ மண்டபங்களைவிட இவ்வெறுஞ்சுவரே சரித்திரத்தில் கனமானது.

பக்தி மிகுந்தால் கல்லும் தேயும் என்பதற்கும் இங்கே சான்றுண்டு. சிற்பி எப்ஸ்டைன் செதுக்கிய சிறகுருவம் அமைந்த, எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் கல்லறையில், பெண்கள் உதட்டுச் சாயத்தோடு முத்தமிட்ட கறைகளைக் கழுவிக் கழுவிக் கல் அரிக்கப்படவே, 2011இல் அதைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு நிறுவப்பட்டது. 1971இல் இறந்த அமெரிக்கப் பாடகர் ஜிம் மாரிஸனின் கல்லறைக்கு வரும் கூட்டம் அண்டையிலிருந்த கல்லறைகளிலெல்லாம் கிறுக்கிவைத்தது. அவருடைய மார்பளவுச் சிலையும் 1988இல் களவு போயிற்று. இதை ரசிகரின் அன்பென்று சிலர் மன்னிப்பர். பக்கத்தில் உறங்குவோருக்கு உறவினர் உண்டு என்பதை நினைத்தால் மன்னிப்பது கடினம்.

இந்தியரும் இங்கே உண்டு. பாரிஸில் பிறந்து 1993இல் ஜெனீவாவில் காலமான தொழிலதிபர் ஜே. ஆர். டி. டாட்டா இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்கு வெகு காலம் முன்பே, அவத் ராஜ்யத்தை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் பறித்துக்கொண்டதை எதிர்த்து விக்டோரியா மகாராணியிடம் முறையிட 1856இல் கடல் கடந்து சென்ற நவாப் வாஜித் அலி ஷாவின் தாயார் மலிகா கிஷ்வர், முறையீடு பலிக்காமல் தாயகம் திரும்பும் வழியில் 1858 ஜனவரியில் பாரிஸில் உயிர்நீத்து, முஸ்லிம்களுக்கென ஒதுக்கிய பகுதியில் அடக்கமானார். இடுகாடு 97 பிரிவுகளாக எண்ணிடப்பட்டுள்ளது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஷோப்பினையும் வைல்டையும் தேடிச் செல்லும் நம்மவர், அந்த அவத் ராஜமாதாவின் சமாதிக்கும் சற்று நடந்து சென்று பார்த்து வர வேண்டும்.