பி.எட். படிப்பில் அந்த 'அரைத் தாள்' எதுக்கு? ஆசிரியர் பயிற்றுநர்கள் சொல்வது என்ன?

"சார், இதை எதுக்கு படிக்கணும்?" என்று மாணவர் கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? அதற்குத் தயார்படுத்தத்தான் பி.எட். படிப்பில் 'துறைகளையும் பாடங்களையும் புரிந்துகொள்ளுதல்' என்ற தாள் இருக்கிறது.

எப்போது வந்தது?
ஆசிரியர் கல்வி குறித்து நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012-ல் அறிக்கை தந்தது. தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் 2014 விதிமுறைகளால் பி.எட். 2 ஆண்டுப் படிப்பானது. அதற்கான பாடத்திட்டக் கட்டமைப்பில் 5-வதாக வந்தது இந்தத் தாள். முழுத் தாள் இல்லை, அரைத் தாள்தான்.

உள்ளே என்ன இருக்கு?
கணக்குக்கு நிரூபணம், அறிவியலுக்குப் பரிசோதனை, வரலாற்றுக்குச் சான்று என ஒவ்வொரு துறையும் உண்மையைத் தேடும் வழி வேறு. பாடங்களை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? தோட்டக்கலை, விருந்தோம்பல் போன்றவற்றுக்குப் பள்ளியில் ஏன் குறைந்த இடமே கிடைத்தது? இதையெல்லாம் பேசுகிறது.

ஆதரிப்பவர்கள்
தன் பாடம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஆசிரியர், புத்தகத்தை அப்படியே ஒப்பிக்க மாட்டார் என்பது இவர்கள் வாதம்.

குறை சொல்பவர்கள்
கணிதம் படித்த ஒரே விரிவுரையாளர் வரலாறு, மொழி, அறிவியல் எல்லாவற்றையும் பேச வேண்டியிருக்கிறது; அரைத் தாளுக்கான நேரம் போதாது; தேர்வு வந்தால் வரையறையை மனப்பாடம் செய்வதோடு முடிகிறது என்கிறார்கள்.

என்ன செய்யலாம்?
பல துறை விரிவுரையாளர்கள் சேர்ந்து நடத்துவது ஒரு வழி. பள்ளிப் பாடநூலின் ஒரு பாடத்தை எடுத்து, 'இது ஏன் இங்கே இருக்கு?' என்று வகுப்பில் விவாதிப்பது இன்னொரு வழி. மாணவர் கேட்கும் கேள்விக்குப் பதில் அங்கேதான் ஆரம்பிக்கிறது.