1879-ல் பறித்த இலையும், 1986-ல் பெயர் பெற்ற பூச்சியும்

ஒரு பூச்சிக்குப் பெயர் வைப்பது ஒரு வேலை. அது எந்த ஊர்ப் பூச்சி என்று சொல்வது வேறு வேலை. முதல் வேலை இரண்டே வருடத்தில் முடிந்து, இரண்டாவது வேலை கால் நூற்றாண்டு இழுத்த கதை இது.

ஹார்ஸ் செஸ்ட்நட் என்று ஒரு மரம். விரித்த கைவிரல்கள் போல இலை, கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. ஐரோப்பிய நகரங்களில் சாலையோரத்திலும் பூங்காக்களிலும் நிழலுக்காக நடுவார்கள். 1984-ல், அன்றைய யூகோஸ்லாவியாவின் மாசிடோனியாவில், ஓஹ்ரிட் ஏரியின் அருகே இந்த மரங்களின் இலைகள் கோடையிலேயே பழுப்பாகிக் காய்ந்தன.

காரணம் இலைக்குள்ளேயே இருந்தது. இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே சுரங்கம் தோண்டித் தின்றுகொண்டிருந்தது ஒரு குட்டிப் புழு. அது வளர்ந்து அந்துப்பூச்சியாக வெளியே வந்தால் நீளம் வெறும் 5 மி.மீ.! செம்பழுப்புச் சிறகு, குறுக்கே கறுப்பு ஓரமிட்ட வெள்ளைப் பட்டைகள்.

இத்தனை சின்னப் பூச்சிகளில் சிறகின் கோலத்தை மட்டும் நம்பி இனத்தைச் சொல்லிவிட முடியாது. இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பையும் மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட வேண்டும். ஆஸ்திரியாவின் டெஷ்காவும் யூகோஸ்லாவியாவின் டிமிச்சும் சேர்ந்து, இது புதிய இனம் என்று 1986-ல் விவரித்து எழுதினார்கள். கேமராரியா ஓஹ்ரிடெல்லா என்ற பெயர் அந்த ஏரியால் வந்தது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. கேமராரியா என்ற பேரினத்தில் அதுவரை தெரிந்த பூச்சிகள் வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும்தான் இருந்தன. ஐரோப்பாவில் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? வெளிநாட்டிலிருந்து வந்ததா? வேறு மரத்தில் வாழ்ந்துவிட்டு இதற்குத் தாவியதா? அல்லது பால்கன் மலைகளிலேயே ஒளிந்திருந்த பழைய குடியா?

இது வெறும் அறிவுப் போட்டி இல்லை. ஒரு பூச்சியைக் கட்டுப்படுத்தும் இயற்கை எதிரிகளை அதன் சொந்த ஊரில்தான் முதலில் தேடுவார்கள். சொந்த ஊரே தெரியாவிட்டால் எங்கே போய்த் தேடுவது? பூச்சியோ காத்திருக்கவில்லை. 1989-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் அருகே தென்பட்டது. 2002-ல் லண்டனின் விம்பிள்டனுக்கே வந்துவிட்டது.

விடை கிடைத்த இடம்தான் ஆச்சரியம். டேவிட் லீஸ், கார்லோஸ் லோபெஸ்-வாமோண்டே உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் பழைய ஹெர்பேரியங்களைப் புரட்டினார்கள். செடிகொடிகளை அழுத்திக் காயவைத்து, தேதியும் இடமும் எழுதித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம் அது. கணக்கு இடிக்கிறபோது ஆடிட்டர் பழைய வவுச்சர்களைத் தேடுவாரே, அது மாதிரி. காய்ந்த ஹார்ஸ் செஸ்ட்நட் இலைகளுக்குள் இலையோடு இலையாக நசுங்கிய புழுக்கள் கிடைத்தன. அவற்றின் டி.என்.ஏ.வும் அதே பூச்சி என்றது. 2011-ல் முடிவு வெளியானது. கிடைத்ததிலேயே பழைய இலை 1879-ல் கிரீஸில் பறித்தது. ஆக, பெயர் கிடைப்பதற்கு நூறு வருடத்துக்கும் மேலாகவே பூச்சி பால்கனில் இருந்திருக்கிறது. அது அந்நியன் இல்லை, அந்த வட்டாரத்துக்காரன்.

அந்த இலையைப் பறித்தவர் தியோடர் ஃபான் ஹெல்ட்ரைக், ஏதென்ஸில் வாழ்ந்த ஜெர்மானியத் தாவரவியலாளர். அவர் எதைத் தேடிப் போனார் தெரியுமா? இந்த மரத்தின் சொந்த ஊரை! 16-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து மேற்கே வந்த மரம் என்பதால், அது ஆசியாவைச் சேர்ந்தது என்றே பலரும் நம்பினார்கள். கிரீஸின் மலைகளில் அது தானாகவே வளர்கிறது என்று 1879-ல் எழுதியவர் ஹெல்ட்ரைக். மரத்தின் ஊரைச் சொல்லப் பறித்த இலையே, 132 வருடம் கழித்துப் பூச்சியின் ஊரையும் சொல்லிவிட்டது.

பூச்சி இன்னும் ஒழியவில்லை. உதிர்ந்த இலைக்குள் கூட்டுப்புழுவாகக் குளிர்காலத்தைக் கழிப்பதால், இலையுதிர் காலத்தில் அந்தச் சருகுகளைக் கூட்டி அள்ளி அழிப்பதுதான் எளிய வழி. மரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘இந்தியக் கஷ்கொட்டை’ என்ற பொருளில்தான் கூப்பிடுகிறார்கள். பெயர் ஒரு முறை ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான். உண்மை தெரிய வேண்டுமென்றால் தேதி எழுதி வைத்த இலையைத்தான் கேட்க வேண்டும்.