அவை விவாத நெறியும் வெளிப்படைத்தன்மையும்: மானூர், உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை முன்வைத்து

முன்னுரை

பலர் கூடி விவாதிக்கும் அவையில் பேச்சை நெறிப்படுத்துதல் தவிர்க்க இயலாதது. ஆனால் யார், எவ்விதியின்படி, யார் காண நெறிப்படுத்துகின்றனர் என்பது தெரியாதவிடத்து நெறிப்படுத்துதல் அடக்குதலாக மாறிவிடும். திருக்குறள் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டு அதிகாரங்களில் அவையில் பேசுவோர்க்குரிய இயல்புகளைக் கூறுகிறது. மணிமேகலையின் விழாவறை காதை, பட்டிமண்டபம் ஏறும் சமயவாதிகள் அதன் முறைமையை அறிந்து ஏறவேண்டும் என்கிறது. இவை பேசுவோரின் கடமையை உணர்த்துவன. அவையை நடத்துவோரின் கடமையை அறியக் கல்வெட்டுகளையே நாடவேண்டியுள்ளது. அவ்வகையில் மானூர், உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது.

மானூர்க் கல்வெட்டு: பேச்சுக்கு வரம்பு

திருநெல்வேலி மாவட்டம் மானூரில் உள்ள கல்வெட்டு, பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இதன் காலம் கி.பி. 800ஐ ஒட்டியது என்பர் ஆய்வாளர் பலர். களக்குடி நாட்டுப் பிரமதேயமான மானநிலைநல்லூரின் மகாசபையார் கூடிச் செய்த முடிவை இது பதிவுசெய்கிறது. நிலப்பங்குடையோருள் சபையில் அமர்ந்து பேசத்தக்கோர் யாவர், அவர்க்கு வேண்டிய கல்வி யாது என்பன முதலில் வரையறுக்கப்படுகின்றன. பின்னர், கொண்டுவரப்படும் பொருள் ஒவ்வொன்றையும் 'அன்று, அன்று' என மறுத்துத் தடை செய்வோர்க்கும் அவர்க்குத் துணைநிற்போர்க்கும் ஐந்து காசு தண்டம் விதிக்கப்படுகிறது. இத்தகைய தடையைக் கல்வெட்டு 'குத்துக்கால்' என்கிறது. தண்டம் செலுத்திய பின்னரும் அவர்கள் அவ்விதிக்குக் கட்டுப்பட்டே நடத்தல் வேண்டும்.

இவ்விதியில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. விதியைச் செய்தோர் அதற்குக் கட்டுப்படும் சபையாரே. தண்டத்தின் அளவு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுள்ளது. தண்டத்திற்குரியது மாறுபட்ட கருத்தன்று. எப்பொருளையும் மறுத்து அவையை முடக்கும் செயலே. எனினும், ஒருவர் மறுப்பு நேர்மையானதா, குத்துக்காலா எனத் தீர்மானிப்போர் யார் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. விதி கல்லில் வெளிப்படையாக இருக்கிறது. அது செயற்படும் முறை மறைந்தே நிற்கிறது. நேர்மையாக மறுத்த ஒருவரும் பெரும்பான்மையோரால் தண்டிக்கப்பட இடமுண்டு.

உத்தரமேரூர்: கண்முன் நிகழும் தேர்வு

செயற்பாட்டையும் பலர்முன் வைக்கும் முறையை, முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) காட்டுகின்றன. இங்கு நிகழ்வது விவாதமன்று, வாரியத் தேர்வு. ஆயினும் அதிகாரம் பெறுவோரை ஐயத்திற்கிடமின்றித் தெரிவு செய்வதே இதன் நோக்கம். இளையோரும் முதியோருமாகச் சபையார் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் குடத்தை அனைவரும் காண உயர்த்துகிறார். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிக்கிறான். அங்குள்ள நம்பிமாரும் அதனை வாசித்த பின்னரே பெயர் எழுதப்படுகிறது. விரிந்த கை, ஓலை மாற்றப்படவில்லை என்பதற்கு அவை காணும் சான்றாகிறது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் குறிப்பிட்ட உறவினரும் தேர்வுக்குத் தகுதியிழந்தனர். 919இல் செய்த ஏற்பாடு 921இல் விரிவாகத் திருத்தப்பட்டதும் கல்லில் பதிவாகியுள்ளது. விதி மட்டுமன்றி விதியின் மாற்றமும் இவ்வாறு அறிவிக்கப்பட்டது.

எல்லைகள்

இவற்றை இன்றைய மக்களாட்சியின் முன்மாதிரிகளாகப் போற்றுவதில் எச்சரிக்கை வேண்டும். இரண்டும் பிரமதேயச் சபைகள். நிலம், வேதக்கல்வி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட தகுதிகள், ஊரில் உழைத்து வாழ்ந்த பெரும்பான்மையோரைச் சபைக்கு வெளியே நிறுத்தின. அவர்களும் கல்லில் விதி பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருக்கலாம். அவ்விதியை மாற்றப் பேசும் உரிமை அவர்களுக்கில்லை. வெளிப்படைத்தன்மை வேறு, பங்கேற்புரிமை வேறு என்பது இதனால் புலனாகும்.

முடிவுரை

விதியை முன்னரே அறிவித்தல் வெளிப்படைத்தன்மையின் முதற்படி; மானூர் அப்படியை எட்டியது. விதி செயற்படுவதை அனைவரும் காணச் செய்தல் இரண்டாம் படி; உத்தரமேரூர் அதனை எட்டியது. விதியால் கட்டுப்படுவோர் அனைவரும் விதியைக் கேள்வி கேட்கும் உரிமை பெறுதல் மூன்றாம் படி. அதனை இரண்டும் எட்டவில்லை. பேச்சை நெறிப்படுத்தும் எந்த அவையையும், அது எக்காலத்ததாயினும், இம்மூன்று படிகளைக் கொண்டு மதிப்பிடுதல் பொருந்தும்.